பச்சை வேட்டிக்கு விட்ட வழி

பல வருடங்களாக இதை எழுத உட்காருவேன். முருகன் படம் கண்ணில் பட்டதும் எழுந்துவிடுவேன். இப்போது எழுதக் காரணம் என் மனைவியின் தம்பி. ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில், "எங்க மாமாதானுங்க அன்னைக்கு அந்த வடநாட்டுப் பசங்ககூட நடந்தாரு" என்று பெருமையாகச் சொன்னார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

நடந்தது வேறு.

எங்கள் பனியன் கம்பெனியில் ஒரிசாக்காரத் தம்பி ஒருவர் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். எனக்குப் பக்கத்து மிஷின். பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தவரை, இந்தி பேசினார் என்பதற்காகவே போலீஸ் சந்தேகப்பட்டுக் கூட்டிப்போய் அடித்தது. வலது கையில் விரல்கள் உடைந்துபோயின. துணி பிடிக்கிற கை.

அது தை மாதம். நான் பச்சை வேட்டி கட்டி மாலை போட்டிருந்தேன். மங்கலத்திலிருந்து பழனிக்குக் குழுவாக நடந்துகொண்டிருந்தோம். வழியில் ஓர் ஊரில், வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தொழிலாளிகள் ஊர்வலமாக வந்தார்கள். தம்பியை அடித்ததைத் தட்டிக்கேட்க ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். சத்தமே இல்லை.

போலீஸ்காரர் அவர்களை மறித்தார். "சாமிங்க போகட்டும். இந்திக்காரனுங்களா, ஓரமா நில்லுங்கடா." எங்களுக்குக் கை கூப்பி வழி விட்டார்.

கட்டுப் போட்ட கையோடு அந்தத் தம்பி முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் காலில் விழுந்தார். எழுந்து வாய்த்துணியை இறக்கினார்.

"அண்ணா, ஸ்டேஷன் வரைக்கும் எங்ககூட நடங்க. மாலை போட்டவங்க இருந்தா போலீஸ் அடிக்காது."

எங்கள் குழுவில் ஒருவர், "ஏனுங்க சாமி, ஸ்டேஷன்ல பஜனை வெக்கவா மாலை போட்டோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"விரதம் பாருங்க தம்பி. வழி மாறக் கூடாதுங்க" என்றேன்.

"முருகன் கோவிச்சுக்குமா அண்ணா?"

அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நடந்தேன்.

பல்லடத்தில் தங்கியபோது, பின்னால் வந்த குழுவினர் சொன்னார்கள். நாங்கள் கடந்துபோன கொஞ்ச நேரத்தில் தடியடியாம். உட்கார்ந்தவர்களையும் விடவில்லையாம். பழனியில் சந்நிதி முன் நின்றேன். எதையும் வேண்டாமல் இறங்கிவந்தேன். ஊர் திரும்பினால் பக்கத்து மிஷினில் வேறு ஆள். அந்தக் கையால் இனித் தைக்க முடியாது என்று ஒரிசாவுக்கே போய்விட்டாராம்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் என் மேல் பிரியப்பட்டு ஒரு வார்த்தைகூட மாற்றிவிடாதீர்கள். கூட நடந்தார் என்று சொல்லாதீர்கள். திருநீறு பூசிவிட்டுப் போய்விட்டார் என்றே சொல்லுங்கள்.