கம்பியும் ஆணியும்

அத்தை மகன் மேல் எனக்கு இருக்கும் பொறாமையை மறைத்துப் பயனில்லை. இன்றைக்கும் அவன் இரண்டு கால்களையும் சமமாக ஊன்றி நடந்து வருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் கடைசி. இருவரும் பஸ் டிரைவர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். திருநகர் பக்கம் எங்கள் மோட்டார் சைக்கிள் ஒரு மாட்டுவண்டியில் மோதியது. இருவருக்குமே இடது தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

எலும்புக்குள் நீளமாக ஒரு எஃகுத் தண்டை இறக்கினால் சீக்கிரம் நடக்கலாம் என்றார் பெரிய டாக்டர். நர்ஸ் அத்தையிடம் போய், "உள்ள கம்பி வைக்கப் போறோம்" என்றார். அத்தை தலையாட்டிவிட்டாள். என் அம்மாவிடம் வந்ததோ இன்னும் படிப்பை முடிக்காத சின்ன டாக்டர். டாக்டர்கள் இங்கிலீஷில் 'நெயில்' என்பதை நல்ல தமிழில் விளக்குவதாக நினைத்துக்கொண்டு, "எலும்புக்குள்ள ஆணி அடிக்கணும்மா" என்றார்.

கெட்டது குடி. எங்கள் ஊரில் ஆணி அடிப்பது பேய்க்கு. ஓட்டிய பேயைப் புளியமரத்தில் ஏற்றி, அது மறுபடி இறங்காமலிருக்க ஆணி அடிப்பார்கள்.

"எம் மகன் என்ன பேயா? ஆணியடிச்சா பெறகு எங்குட்டு எந்திரிக்கிறது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் அம்மா. நான் கெஞ்சினேன். வலியில் உளறுகிறேன் என்றாள். கையெழுத்துப் போட வேண்டிய அப்பாவும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அவன் காலுக்குள் கம்பி இறங்கியது. என் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக் கிடக்கையில் அவன் ஊன்றுகோலோடு வந்து நிற்பான்.

"மாப்ள, டீ குடிக்கப் போறேன். ஒனக்கு என்ன வேணும்?"

அன்போடுதான் கேட்டான். அவன் கம்பி வளைந்து தொலையாதா என்றிருந்தது எனக்கு.

வளையவில்லை. என் எலும்புதான் கோணலாகக் கூடிக் கால் குட்டையானது. வேலைக்கு அழைத்தபோது அவனை எடுத்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். திருமங்கலம் ரோட்டில் அவன் ஓட்டும் பஸ்ஸில் ஏறினால், கிளட்ச் மிதிக்கும் அவன் இடது காலையே பார்த்துக்கொண்டு போவேன்.

சில வருடம் கழித்துக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அதைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான். அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆணிக்கு இருப்பது போல் அதற்குக் கொண்டை இல்லை. உள்ளே வெறும் கூடு.

"இதைத்தாம்மா எனக்கும் வைக்கிறேன்னாங்க" என்றேன்.

"இதுவா ஆணி?" என்றாள் அம்மா. "இது கம்பிடா. கம்பின்னு சொல்லியிருந்தா நா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"