வெறும் பாத்திரம் அனுப்பாத வீடு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார் அண்ணன். எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் எழுத வருகிறது; வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகாராஜபுரத்தில் பிறந்து, சுந்தரபாண்டியத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மா. அப்பா சீக்கிரமே போய்விட்டார். நாற்று நட்டும் களை எடுத்தும் எங்கள் இருவரையும் ஆளாக்கினார் அம்மா. வீட்டில் வறுமைக்குக் குறைவில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்திலிருந்து குழம்பு வந்த கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றுமே இல்லாத நாளில், கொல்லையில் ஒரு கை முருங்கைக்கீரையாவது உருவிப் போட்டுக் கொடுத்தனுப்புவார்.

கடைசி நாட்களில் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்காதான் கட்டிலுக்குக் கீழே சேலையை விரித்துப் படுத்திருந்தார். அம்மா போனபின் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில், தெருவே சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்தது. தூக்குவாளியும் குண்டானுமாக அடுப்படி நிறைந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அத்தனை பாத்திரங்களையும் கழுவித் துடைத்து, கார் டிரைவரிடம் கொடுத்து வீடு வீடாகத் திருப்பி அனுப்பினார். வெறும் பாத்திரமாக. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஞானம்மாள் அக்கா தன் தூக்குவாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏட்டி, ஒங்கம்மா இருந்த வரைக்கும் இந்த வாளி வெறுமனே வந்ததே இல்ல. இனிமே நீங்க வேண்டாம்னு சொல்லுதியளா?”

கேட்டுவிட்டு வாளியோடு திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அண்ணன் ராஜபாளையத்தில் நாலு பேர் மதிக்க ஆலை நடத்துகிறார். அந்த நாலு பேருக்காக இந்த நினைவு நாளையும் அங்கேயே ஒரு மண்டபத்தில் வைக்கப் பார்த்தார்.

“தெருவுல வச்சா ஆலைக்காரங்கல்லாம் எங்கன உக்காருவாக?” என்றார்.

“பாயில,” என்றேன். “இல்லன்னா நான் மண்டபத்துக்கும் வரல, மலருக்கும் எழுதல.”

கடைசியில் தெருவிலேயே வைக்கச் சம்மதித்தார். உடனே நான் வீடு வீடாகப் போய் அந்தப் பாத்திரங்களையெல்லாம் திரும்பக் கேட்டேன். ஞானம்மாள் அக்கா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு உள்ளே போய், அதே தூக்குவாளியை எடுத்து வந்தார்.

“இந்தா. பொறவு டிரைவரு கொண்டாந்தா நான் வாங்க மாட்டேன்.”

எனவே, இதை நீங்கள் எங்கள் தெருவில் பாயில் உட்கார்ந்துதான் வாசிக்கிறீர்கள். அம்மாவைச் சுமந்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறு போட்டவர்களுக்கும், இன்று இங்கே கூட நின்று சமைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தி முடிந்ததும் பாத்திரங்கள் சோறும் பாயசமுமாக அவரவர் வீடு போய்ச் சேரும். ஞானம்மாள் அக்காவின் தூக்குவாளியை மட்டும் நிரப்பித் தனியாக எடுத்து வைத்திருப்பேன். கார் தெருமுனையிலேயே நிற்கட்டும்.

அண்ணே, எழுந்திருங்கள், அந்த வாளியைக் கையில் எடுங்கள். சோறு ஆறுகிறது.