அப்பா ஊறுகாய் கேட்கக் கூடாது

என் அப்பா சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நன்றாக இருக்கிறது என்பதும் கிடையாது, இல்லை என்பதும் கிடையாது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஊறுகா இருக்கா?" என்று மட்டும் கேட்பார். அப்படிக் கேட்டால் அன்றைய சமையல் தோற்றுவிட்டது என்று எங்கள் வீட்டில் அர்த்தம். அதன்பிறகு சாயங்காலம் வரை அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பாள்.

நகரத்தின் மறுகோடியில், கழக்கூட்டத்தில், ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா போட்ட நிபந்தனையும் அந்த ஊறுகாயில்தான் வந்து நின்றது.

எங்கள் வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அங்கேயே ஒரு மொத்த ஜவுளிக்கடையில் துணி மடிக்கும் வேலை. எனக்கோ தினமும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, நின்றுகொண்டே நகரத்தின் எல்லா சிக்னலையும் பார்த்து முடித்து ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் தோன்றும். ரூம் பார்த்தாகிவிட்டது. அம்மா சரி என்று சொல்வது மட்டும்தான் பாக்கி.

"ஒரு பானை சோறு ஆக்கத் தெரியாது. உனக்கு ரூம் எதுக்குட்டி?" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போனேன், மேற்படிப்பும் முடித்தேன். அம்மாவும் அப்பாவும் இன்றைக்கும் கைநாட்டுதான். சின்ன வயதில் அடுக்களைப் பக்கம் தலையைக் காட்டினாலே அம்மா விரட்டுவாள். வெங்காயம் உரித்தால் கை நாறும், அப்புறம் எப்படிப் பேனா பிடிப்பாய் என்பாள். ஆக, எனக்குச் சமைக்கத் தெரியாமல் போனதற்கு முழுப் பொறுப்பும் அவளுடையது. இதை நான் முறையாக எடுத்துச் சொன்னேன்.

"இப்பிடி வாயாடத்தான் படிக்க வச்சேன்" என்றாள். "ஞாயித்துக்கிழம நீ தனியா கூட்டாஞ்சோறு ஆக்கு. நான் அடுக்களைக்குள்ள காலு வைக்க மாட்டேன். அப்பா ஊறுகா கேக்காம தின்னு எந்திரிச்சா, நீ ரூம் எடுத்துக்க."

"என்னைய எதுக்கு இதுல இழுக்கே?" என்றார் அப்பா.

கூட்டாஞ்சோறு, பிழைக்க இந்த மலையாள ஊருக்கு வருமுன் எங்கள் குடும்பம் இருந்த திருநெல்வேலிப் பக்கத்துச் சாப்பாடு. அரிசி, துவரம்பருப்பு, கையில் கிடைத்த காய்கள், முருங்கைக்கீரை, கொஞ்சம் புளி, தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் சேர்த்த அரைப்பு, எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகும். அம்மா அதைச் செய்யும்போது பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடுவாள், பிறகு திறப்பாள். இதற்கு இடையில் சமையல் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எளிதாக ஜெயித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முதல் அடி முருங்கைக்கீரையில் விழுந்தது. பக்கத்து வீட்டுச் சேச்சியின் மரத்தில் வேண்டிய அளவு இருக்கிறது, எப்போது கேட்டாலும் ஒரு கிளையே ஒடித்துத் தருவார். அன்று கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"அய்யோ மோளே, கர்க்கடகத்தில் முரிங்ஙயிலயோ? பாடில்லா!"

ஆடி மாதத்தை இங்கே கர்க்கடகம் என்பார்கள்; பாடில்லா என்றால் கூடாது. அந்த மாதத்தில் முருங்கைக்கீரை கசக்கும், உடம்புக்கு ஆகாது என்பது இங்குள்ள நம்பிக்கை. என் படிப்பையெல்லாம் திரட்டி வாதாடிப் பார்த்தேன். சேச்சி அசையவில்லை. ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், மொட்டைமாடியில் பைகளில் வளர்க்கும் சிவப்புக் கீரையை ஒரு கட்டுப் பறித்துத் தந்தார். கீரைக்குப் பதில் கீரை, வேறென்ன வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

அம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அடுக்களைக்குள் வரவில்லை. முன்னறையில் டிவியைப் போட்டு அதன் சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். காது இரண்டும் அடுக்களையில் இருந்தன.

"ஏட்டி, ஏதோ அடிப்பிடிக்கி."

"அது பக்கத்து வீடும்மா."

"பக்கத்து வீட்டுல இன்னைக்கு மீனு. எனக்கு மணம் தெரியாதாக்கும்?"

நான் போனில் பார்த்த வீடியோவில் ஓர் அக்கா, வீட்டில் இருக்கிற அரிசியில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன். மூன்று விசில் விடுங்கள் என்றார். விட்டேன். மூடியைத் திறந்தால் பருப்பு கரைந்திருந்தது, கத்தரிக்காய் இருந்த அடையாளமே இல்லை, அரிசி மட்டும் நான் போட்டபடியே கல்லாக இருந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மறுபடியும் மூடினேன். விசில்கள் வந்தன. திறந்தேன், கடித்துப் பார்த்தேன், மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன்.

"அது குக்கரா, நாகர்கோவில் பாசஞ்சரா?" என்று முன்னறையிலிருந்து கேள்வி வந்தது.

அந்த அக்கா தமிழ்நாட்டில் எங்கோ இருக்கிறார். அவர் வீட்டில் இருக்கிற அரிசி வெள்ளை அரிசி. எங்கள் வீட்டுப் பெரிய தகர டப்பாவில் இருப்பது இந்த ஊரில் எல்லோரும் உண்ணும் தடித்த சிவப்பரிசி. பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்கிறேன், எனக்கு அரிசி என்றால் அதுதான். வெந்துகொண்டே இருக்கும், வேகாது. கூட்டாஞ்சோற்றுக்கென்றே அம்மா ஆரியசாலைக் கடையில் வாங்கி மேல்தட்டில் ஒரு தூக்குவாளியில் வைத்திருக்கும் வெள்ளை அரிசி கடைசி விசிலின்போதுதான் என் கண்ணில் பட்டது.

கடைசியில் அரிசி வெந்தது. ஆனால் அதற்குள் மற்ற எல்லாம் ஒன்றாகிவிட்டன. சிவப்பரிசியும் சிவப்புக் கீரையும் சேர்ந்ததில் அது ஏதோ வண்ணானிடம் போய்ச் சாயம் போன துணி மாதிரி ரோஜா நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அப்பாவின் தட்டில் ஊற்றினேன். பரிமாறினேன் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை.

மாங்காய் ஊறுகாய்ப் பரணி வழக்கமாக அடுக்களை மூலையில் இருக்கும். பரணி என்றால் இங்கே பீங்கான் ஜாடி. அன்று காலையிலேயே அது எப்படியோ நடந்து வந்து, அப்பாவின் தட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு வாய் எடுத்தார். மெல்லுவதற்கு எதுவும் இல்லாததால் விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். கண் மெதுவாகப் பரணிப் பக்கம் போனது.

"பாத்துட்டாரு!" என்றாள் அம்மா.

"பாத்தா கேட்டதா ஆகுமா? கேக்கக் கூடாதுன்னுதான பேச்சு?" என்றேன்.

"கண்ணு கேட்டுதே."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் கண்ண மூடிக்கிட்டே சாப்பிடுதேன்" என்றார் அப்பா. உண்மையிலேயே மூடிக்கொண்டார். ஏதோ வேண்டுதலை நிறைவேற்றுபவர் மாதிரி, கண்ணை மூடியபடி தட்டைக் கையால் தடவித் தடவிச் சாப்பிட்டு முடித்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மோரு இருக்கா மக்ளே?"

"கேட்டுட்டாரு!"

"மோருதான கேட்டாரு? மோரு பேச்சுல இல்ல."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு, தீர்ப்பு வருவதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டேன். நல்ல பசி. ஒரு வாய் சாப்பிட்டேன். இரண்டாவது வாய் பாதியில் இருக்கும்போது என் இடது கை பரணியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தது. நான் சொல்லி அது போகவில்லை, தானாகப் போனது.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அதுவும் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு அப்பா எட்டிப் பார்த்தார்.

"இப்பவாவது எனக்குக் கொஞ்சம் ஊறுகா தாங்க" என்றார்.

சிரித்து ஓய்ந்ததும் அம்மா தன் தட்டையும் எடுத்து வந்தாள். அந்த ரோஜாக் கஞ்சியை ஊறுகாயோடு முழுதும் சாப்பிட்டாள். கைகழுவப் போகும்போது, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "பேச்சுன்னா பேச்சுதான். ரூம் எடு. ஆனா அந்தப் பரணியயும் கூடக் கொண்டு போ. நீ ஆக்குறதுக்கு அது இல்லாம தொண்டைக்குள்ள எறங்காது."

அடுத்த வாரம் கழக்கூட்டத்துக்கு நான் எடுத்துப்போன சாமான்களில் முதலில் வண்டியேறியது பரணிதான். சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது அதையும் தூக்கிக்கொண்டு வருவேன், அம்மா நிரப்பித் தருவாள். முதல் தடவை காலியாகக் கொண்டுவந்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வாரம் முழுசும் ஊறுகாதானா மேடம்?" என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. வெள்ளை அரிசி வாங்கினேன். கழக்கூட்டத்துச் சந்தையில் முருங்கைக்கீரையும் தேடிப் பிடித்தேன். ஆடி முடிந்திருந்ததால் யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. கூட்டாஞ்சோறு, நானே சொல்கிறேன், நன்றாக வந்தது. வீம்புக்குப் பரணியைத் தொடாமலே சாப்பிட்டேன். அந்தச் சனிக்கிழமை பரணி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பெருமையோடு நீட்டினேன்.

அம்மா திறந்து பார்த்தாள். முகம் லேசாக வாடியது.

"ஏம்ட்டி, உப்பு கூடிப் போச்சா?"

இப்போதெல்லாம் என் சமையல் எப்படி வந்தாலும், சனிக்கிழமை பரணி காலியாகத்தான் வீட்டுக்குப் போகும்.