தனத்தின் கையில் பூசிய விபூதி

தண்ணீர்மலை முருகனை நம்பும் சொந்தங்களுக்கு வணக்கம். வலிக்கிறது என்று சொன்ன என் மனைவி தனத்தைப் பொய்க்காரி என்றவன் நான். அதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் அவன் அருளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

1991 கடைசியில் அவளுக்கு விரல் வலி ஆரம்பித்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்தும் வேலை அவளுக்கு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காது. ஆயர் ஈத்தாம் வீட்டில், யூனிஃபார்ம் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நிற்பாள்.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். பதினெட்டு வருஷ சர்வீஸ், அதற்கேற்ற திமிர். அவள் இரண்டு கைகளையும் நானே படம் எடுத்தேன். எலும்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

"படத்துல ஒண்ணுமே இல்ல லா. வேலைக்குப் போக சோம்பல், அதுக்கு இந்தப் பொய்யா?" என்றேன்.

"உங்க படத்துக்கு வலிக்காதுங்க. எனக்குத்தான் வலிக்குது."

அதற்குப் பிறகு அவள் வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், பாவி.

தைப்பூசம் வந்தது. வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவள், இந்த முறை வேண்டாமே என்று தயங்கினாள். விரதம் இருந்துவிட்டுப் பின்வாங்கினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அதட்டி மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனேன். பாதிப் படியில் குடம் அவள் கையிலிருந்து நழுவியது. பால் படியெல்லாம் ஓடியது. "விரதத்துல ஏதோ குத்தம்" என்று பின்னால் ஓர் அம்மா சொன்னார். தனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சுத்தமாத்தானே இருந்தேன், முருகா!"

குற்றம் யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாய் திறக்கவில்லை. சன்னதியில் நின்றபோதுதான் அழுகை வந்தது. முருகா, பழியை என் மேல் போடு, அவளுக்கு என்னவென்று எனக்குக் காட்டு என்று கெஞ்சினேன்.

குருக்கள் தந்த விபூதியை அவள் நெற்றியில் வைத்தேன். மீதியை அவள் விரல் கணுக்களின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பூசினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கணு சுட்டது. தோலுக்கடியில் மெத்தென்று வீங்கியிருந்தது. பக்கத்து விரலும் அப்படித்தான். எத்தனையோ ஆயிரம் கைகளைப் படத்துக்காக நேராக்கி வைத்திருக்கிறேன். என் மனைவியின் கையை அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். கேட்ட இடத்திலேயே காட்டிவிட்டான் முருகன்.

அந்த வாரமே மூட்டு வியாதி பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். நான் நீட்டிய படத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார்.

"மூட்டு வாதம். ஆரம்பம்தான். எலும்பு அரிச்ச பிறகுதான் அண்ணே எக்ஸ்ரேல தெரியும். அது வரைக்கும் விடலாமா?"

"அப்போ படம் பொய்யா டாக்டர்?"

"பொய் இல்ல, எல்லாத்தையும் காட்டாது. கையால தொட்டுப் பாத்தாலும் சிலது தப்பும். புது ஸ்கேன்ல உள்வீக்கம்கூட தெரியுதாம். ஆனா தொட்டுப் பாக்காம, அவங்க சொல்றத கேக்காம, எதையும் முடிவு பண்ணக்கூடாது."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதத்தில் விரல்கள் மடங்கின. அடுத்த தைப்பூசத்துக்கு அவளே குடம் எடுத்தாள். போன வருஷம் நடந்தது என் குற்றம் என்று உடன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. "வலிக்குதா?" என்று கேட்டால், "இல்லங்க" என்பாள். விரல் வீங்கியிருக்கும் நாளிலும் அதே பதில்தான். அவள் வாயை அடைத்தவன் நானல்லவா? அதையும் முருகனிடமே முறையிட்டேன், இரண்டு வருஷமாக.

அடியார்களே, அவனிடம் மனம்விட்டுக் கேளுங்கள், காட்டுவான். காட்டும்போது பார்க்கத் தயாராக இருங்கள். போன மாதம் ஒரு காலை, நான் கேட்காமலே தனம் என்னிடம் கையை நீட்டினாள்.

"இன்னிக்கு கொஞ்சம் வலிக்குதுங்க."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு நன்றி சொன்னேன்.