கங்கம்மா கழற்றாத தாலி

கங்கம்மாவைச் சொல்ல வேண்டுமென்றால் பழவேற்காட்டையும் சொல்லத்தான் வேண்டும். ஒல்லாந்துக்காரன் கோட்டை கட்டி ஆண்ட ஊர். கோட்டை இடிந்து அகழி மட்டும் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஏரிக்கு அந்தப்புறம் கலங்கரை விளக்கு. சித்திரையில் முகத்துவாரத்தை மணல் மூடி, தண்ணீர் உப்பேறி, மீன் செத்து மிதக்கும். கார்த்திகையில் புயல். எங்களுக்கு வேறு பருவம் தெரியாது.

ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இடத்தில் இன்று ஒருவர், நாளை ஒருவர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. அவன் செத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். மகன் இல்லாதவள் பாடு அதோடு போச்சு. கங்கம்மாவுக்கு இரண்டும் பெண்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் அளந்துகொண்டிருந்த வருஷம். புயலன்று அவள் புருஷன் சின்னராசுவின் முறை. வலையைக் கட்டிவிட்டு வந்திருந்தான். காற்று ஏறியதும் குப்பமே கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி, சமாதிகளுக்குப் பின்னால் ஒடுங்கியது. உச்சிவேளையில் காற்று சட்டென்று நின்றது. சின்னராசு எழுந்தான்.

"வலைய அவுத்துக்கினு வந்துர்றேன்."

"இப்ப இன்னாத்துக்குய்யா? உசுரு இருந்தா வேற வல பின்னிக்கலாம்."

"பின்றதுக்குள்ள அடுத்த மொற வந்துரும்டி. வெறுங்கையோட நின்னா ஊரு சிரிக்கும்."

அவன் ஏரிக்குள் போனதும் காற்று எதிர்ப்பக்கமிருந்து திரும்பி அடித்தது. படகு அகழியில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

"எங்கனா கரையேறியிருப்பாரு. பொணத்தக் காட்டிட்டுப் பேர எடுங்க" என்று பஞ்சாயத்தில் நின்றாள் கங்கம்மா. தலைவர் சுப்பராயன் ஒப்புக்கொண்டார். சின்னராசுவின் முறையில் அவள் தம்பி வலை போட்டு, மீனில் பாதியைக் கொடுத்தான். பிள்ளைகள் அதில்தான் சாப்பிட்டன.

சித்திரையில் மூடிய முகத்துவாரத்தை வெட்டித் திறக்க ஊரே மண்வெட்டியோடு போனது. மணலுக்குள் எலும்பு கிடைத்தது. கூடவே வெள்ளி அரைஞாண், அதில் பெரியபாளையத்தம்மன் தாயத்து. அந்தத் தாயத்தைக் கோயிலில் கங்கம்மா புருஷனுக்கு வாங்கியபோது கூட இருந்தவள் நான்.

சுப்பராயன் அதைக் கழுவி அவள் கையில் வைத்தார். "பாத்துச் சொல்லும்மா. ஒன் ஊட்டுக்காரருதா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல நைனா. யாரு பெத்த புள்ளயோ."

அவர் அவள் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, "அநாதப் பொணம். பொதைச்சிருங்க" என்றார்.

மணல்மேட்டில் பெயரில்லாமல் புதைத்தார்கள். அவள் அழ முடியாது. அழுதால் பாடு போய்விடும். கூடையில் மண்ணை வாரிக்கொண்டு, "தூக்கி வுடுக்கா" என்றாள். தூக்கிவிட்டேன்.

அடுத்த முறை வந்தபோது "சின்னராசு" என்று கூப்பிட்டார்கள். அவள் தம்பி வலையோடு எழுந்தான்.