பூங்கொத்தைச் சுற்றிய காகிதம்

என் மகளைக் காரால் இடித்தவன் இன்னும் லைசென்ஸோடு நடமாடுகிறான் என்ற ஆத்திரத்தில் தூக்கமின்றிக் கிடந்த என்னை, நண்பர் மெல்பேர்ன் புறநகர்த் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே, குழல்வாய் வழியே மருந்து நிரப்பும் பழைய ரகத் துப்பாக்கியோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஈயக்குண்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட, அவர் எச்சில் தொட்டு ரோஜா நிறக் காகிதத்தைச் சுற்றினார்.

“ஏன் அங்கிள், பேப்பர்?”

“என்ர மகளைக் காரால அடிச்சவன் பூ அனுப்பினவன். பூவை எறிஞ்சிட்டன். அதைச் சுத்தி வந்த பேப்பர் இது.”

சுட்டார். காகிதம் கிழிந்து பறந்தது.

“ஆறுதலா இருக்கா?”

“இல்லை. அதுதான் அடுத்ததும் சுத்துறன்.”

எனக்கும் ஒன்று சுற்றித் தரச் சொன்னேன்.

“உம்மட பிள்ளையையுமோ?” என்றார். காகிதத்தில் கசங்காத பகுதியைத் தேடி எனக்காக வெட்டினார்.