எங்கள் படலையைத் தாண்டிப் போகாத சவிரி அண்ணை

என் தம்பி யூட்டின் பிணத்தைத் தூக்க ஊர்ச்சனம் நீங்கள் ஒருவரும் வரவில்லை. சவிரி அண்ணை வந்தார். போன வியாழக்கிழமை அவரையும் கொன்றுவிட்டார்கள்.

நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "சவிரி அண்ணையை நேவிக்காரர் ரோந்துப் படகிலையிருந்து சுட்டுப்போட்டாங்களடா. நண்டு வலை இழுத்துக்கொண்டு நிண்ட மனிசனை!" இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்குக் கழுத்தில் பட்டிருந்தது. வலையோடு சுருட்டித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வலைக்குள் நண்டுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

அவரைப் புகழ்ந்து சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

யூட்டுக்குப் பத்தொன்பது வயது. துவக்கோடு வந்த இயக்கத்தவர்கள் அவனைச் சந்தி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் 'துரோகி' என்று ஓர் அட்டை. அவன் என்ன செய்தான் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மீன் வெட்டும் கத்தியால் அம்மாதான் கயிற்றை அறுத்தார். கோயிலில் துக்கமணி அடித்தால்தான் எங்கள் பக்கத்தில் சனம் செத்தவீட்டுக்குக் கூடும். அன்று மணி அடிக்கவில்லை.

"மணி ஏன் கேக்கேல்லை?" என்று சவிரி அண்ணை வாசலில் வந்து கேட்டார்.

"கயிறு அறுந்துபோச்சாம்" என்றேன்.

அவர் போய் மணிக்கூண்டில் ஏறிச் சுத்தியலால் அடித்தார். ஊர் முழுக்கக் கேட்டது. யன்னல்களைச் சாத்தும் சத்தமும் கேட்டது. நானும் அவரும் பெட்டியை மீன் வண்டிலில் வைத்துத் தள்ளினோம். "நாலுபேர் தூக்கிறதுதான் வழக்கம். ரெண்டுபேர் தள்ளினால் மாதா கோவிக்க மாட்டா" என்றார்.

ஒக்ரோபரில், செபமாலை மாதத்தில், மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். முதல்நாள் வைத்திருந்த வீட்டார் பொழுதுபடும் நேரம் அதை அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் முறை வந்த நாள் அம்மா முற்றம் கூட்டி, மேசைக்கு வெள்ளைச் சீலை விரித்து, மெழுகுதிரி கொளுத்திக் காத்திருந்தார். பஸ்தியாம்பிள்ளை வீட்டார் பாடிக்கொண்டே எங்கள் வேலிப் படலையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனார்கள். அம்மா திரியை அணைக்கவில்லை. அது உருகி முடிந்தது. அன்றிலிருந்து அவர் சோற்றைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் சவிரி அண்ணை சொரூபம் இருந்த வீட்டுக்குப் போய் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தார். பஸ்தியாம்பிள்ளை ஒழுங்கையில் மறித்தார்.

"உவர் எங்களையும் சுடுவிக்கப் போறார். வையுமோய் மாதாவை!"

"மாதா என்ன உன்ரை வீட்டு மாடோ, கட்டி வைக்க? அவவின்ரை மகனையும் சனம் பாக்கத்தானே மரத்திலை அறைஞ்சவங்கள். அவ எந்த வீட்டுக்குப் போவா எண்டு நினைக்கிறாய்?"

எங்கள் வீட்டில் அவர் செபம் சொல்ல, அம்மா மட்டும் பதில் சொன்னார். நான் வெளியே நின்று கத்தினேன். "உதாலை செத்தவன் எழும்புவானோ?"

"எழும்ப மாட்டான். உன்ரை கொம்மா சாப்பிடுவா. இண்டைக்கு அது போதும்."

அம்மா சாப்பிட்டார்.

மறுநாள் துவக்குக்காரர் அவரைச் சந்தியில் முழங்காலில் இருத்தித் துவக்குப் பிடியால் அடித்தார்கள். முன்பல் இரண்டும் போயின. நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நானும் நின்றேன். அன்று மாலை வீங்கிய வாயோடு வந்தார். "வாயாலை காத்துப் போகுது, எணை. நீ முன்னுக்குச் சொல்லு, நான் பின்னாலை சொல்லுறன்" என்றார் அம்மாவிடம். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து இன்னொரு குரல் பதில் சொன்னது. ஜெசிந்தா அக்கா. அடுத்தநாள் அவள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். மாதம் முடியமுன் ஏழு பேர் ஆனார்கள்.

ஷெல் விழுந்து எங்கள் கூரை பிய்ந்த நாளில் அந்த ஏழு பேரும் எங்கள் பங்கர்க் குழிக்குள் முட்டிமோதி இருந்து செபித்தார்கள். "செத்தாலும் இண்டைக்குத் தனிய இல்லை" என்றார் அம்மா. எனக்குச் செபம் வரவில்லை. ஆனால் ஷெல் ஓய்ந்த பிறகும் அவர்கள் நடுவிலிருந்து நான் எழும்பவில்லை. அதை நான் மறுத்தால் பொய்யனாவேன்.

நவம்பரில், இறந்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டால் பூசையில் வாசிப்பார்கள். சவிரி அண்ணை வருடாவருடம் யூட்டின் பெயரைப் போட்டார். கோயில் மூப்பர் வருடாவருடம் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அப்படித் திரும்பிய மூன்று சீட்டுகள், சவிரி அண்ணையின் கோணல் எழுத்தில், இப்போது என்னிடம் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவைதான்.

வெள்ளிக்கிழமை அவருடைய பெட்டியைத் தூக்க நீங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தீர்கள். மணி ஓயாமல் அடித்தது. சேமக்காலையில் குழிக்கு மண் போட்டு முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுகளை மூப்பரிடம் நீட்டினேன்.

"வாற மாதம் சவிரி அண்ணையின்ரை பேரை வாசிக்கேக்கை, பக்கத்திலை என்ரை தம்பியின்ரை பேரையும் வாசியுங்கோ."

பஸ்தியாம்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் சனம் கலைந்தது.

"வாசிப்பீங்களோ, மாட்டீங்களோ?"

மூப்பர் குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த சேமக்காலை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.